நள்ளிரவில் வந்த தந்தி

நடுராத்திரி. மணி 12:01. வாசலில் தந்திக்காரர்.

நம் ஊரில் தந்தி புழக்கத்தில் இருந்த நாள்களில், அந்த நேரத்தில் ஒன்று வந்தால் தெருவே எழுந்துகொள்ளும். பிரித்துப் படிப்பதற்குள் வீட்டில் பாதிப் பேர் அழுது முடித்திருப்பார்கள். நான் சொல்லும் தந்தி அந்த ரகமில்லை. இது அமெரிக்கத் தந்தி. மருத்துவக் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் மாணவனுக்கு ஓர் ஆஸ்பத்திரி அனுப்பியது. விஷயம் இவ்வளவுதான்: உனக்கு எங்களிடம் இன்டர்ன் வேலை. வருகிறாயா, இல்லையா? உடனே சொல்.

உடனே என்றால்? காலையில் எழுந்து, காபி குடித்து, அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்லலாமா? ம்ஹூம்.

1949-ல் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் ஒரு யோசனை சொன்னது. நவம்பர் 15, நள்ளிரவு 12:01-க்குத் தந்தி அனுப்புங்கள். பதில் சொல்ல அன்று பகல் 12 மணி வரையாவது மாணவர்களை விட்டுவையுங்கள். மருத்துவமனைகளின் சங்கம் முடியாது என்றுவிட்டது. பன்னிரண்டு மணி நேரம் ரொம்ப அதிகமாம்!

நிதானமாக நாடி பிடித்துப் பார்க்க வேண்டிய தொழில். அதற்கு ஆள் எடுத்த லட்சணம் இது. எப்படி இந்தக் கதிக்கு வந்தார்கள்? எப்படி மீண்டார்கள்? நோபல் பரிசில் போய் முடிந்த கதை. நான் படித்தது பி.காம். டெபிட், கிரெடிட் தாண்டி மருத்துவம் தெரியாது. ஆனால் இது மருத்துவக் கதையே இல்லை. கொடுக்கல் வாங்கல் கதை. தைரியமாகக் கூட வாருங்கள்.

*

முதலில் ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக்.

1889-ல் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறக்கப்பட்டது. அங்கே அறுவை சிகிச்சைக்கு வில்லியம் ஹால்ஸ்டெட், பொது மருத்துவத்துக்கு வில்லியம் ஆஸ்லர். இரண்டு பேருமே ஜாம்பவான்கள். டாக்டருக்குப் படித்தால் மட்டும் போதாது, ஆஸ்பத்திரியிலேயே கிடந்து, இரவு பகல் பார்க்காமல், படிப்படியாகப் பொறுப்பு ஏற்றுக் கற்க வேண்டும் என்று ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரியிலேயே குடியிருந்ததால் அந்த இளம் டாக்டர்களுக்கு ‘ரெசிடென்ட்’ என்று பெயர் வந்தது. பயிற்சிக்குப் பெயர் ‘ரெசிடென்சி’. அதன் முதல் படி, இன்டர்ன். நம் ஊர் பாஷையில் ஹவுஸ் சர்ஜன்.

நாளாக ஆக ஆஸ்பத்திரிகளுக்கு இதில் இன்னொரு சௌகரியம் புரிந்தது. இன்டர்ன் என்பவர் படித்தவர். இளைஞர். ராத்திரி எழுப்பினாலும் முகம் சுளிக்காமல் வருவார். சம்பளமோ சொற்பம். இப்படி ஒரு ஆள் கிடைத்தால் யார் விடுவார்கள்? எல்லா ஆஸ்பத்திரிகளும் இன்டர்ன் கேட்டன. இடங்கள் பெருகின. மாணவர்கள் அந்த அளவுக்கு இல்லை.

நம் டவுன் பஸ் ஸ்டாண்டில் பார்த்திருப்பீர்கள். பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்கள். அதையே ஆஸ்பத்திரிகள் செய்தன. ஒன்று, படிப்பு முடிவதற்குச் சில மாதங்கள் முன்பே நல்ல மாணவனை வளைத்தது. அடுத்தது இன்னும் முன்னால் போய்த் துண்டு போட்டது. 1940-களின் நடுவில் நிலைமை எங்கே போய் நின்றது தெரியுமா? இன்டர்னாகச் சேர இரண்டு முழு வருடங்கள் இருக்கும்போதே இடம் பேசி முடித்தார்கள். பையன் இன்னும் வார்டுக்குள் ஒழுங்காகக் காலே வைக்கவில்லை. அவனுக்கு சர்ஜரி வருமா, வராதா என்று அவனுக்கே தெரியாது. ஆஸ்பத்திரிக்கு மட்டும் எப்படித் தெரியும்?

இது தப்பு என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாராலும் நிறுத்த முடியவில்லை. நான் மட்டும் காத்திருந்தால் நல்லவர்களை எதிர் ஆஸ்பத்திரி அள்ளிக்கொண்டு போய்விடுமே! தனித்தனியாகப் பார்த்தால் எல்லோரும் புத்திசாலிகள். மொத்தமாகப் பார்த்தால் பைத்தியக்காரத்தனம்.

*

1945-ல் கல்லூரிகள் ஒரு கிடுக்கிப்பிடி போட்டன. குறிப்பிட்ட தேதிக்கு முன்னால் எந்த மாணவனின் மார்க்கையும் சிபாரிசுக் கடிதத்தையும் வெளியே தர மாட்டோம்!

பலித்தது. இரண்டு வருட அட்வான்ஸ் புக்கிங் நின்றது. அப்பாடா என்று பெருமூச்சு விடுவதற்குள் வேறு பக்கம் புடைத்தது.

ஒரு மாணவனுக்குத் தான் இரண்டாவதாக விரும்பிய இடத்திலிருந்து அழைப்பு வருகிறது. முதலில் விரும்பிய இடத்தில் அவன் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறான். என்ன செய்வான்? இரண்டாவதைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு முதலாவதற்காகக் கடைசி நிமிடம் வரை காத்திருப்பான். அவன் பிடித்துவைத்திருக்கும் இடத்துக்காக இன்னொருவன் எங்கோ காத்திருக்கிறான். கடைசி நிமிடத்தில் கைவிட்டால், ஆஸ்பத்திரி அடுத்த ஆளைத் தேடும். அவன் ஏற்கெனவே வேறு இடத்துக்குச் சரி சொல்லியிருப்பான். கோபம், வாக்குத் தவறல், சண்டை.

ஆஸ்பத்திரிகள் கண்டுபிடித்த வைத்தியம், யோசிக்கும் நேரத்தைக் குறைப்பது. 1945-ல் பத்து நாள் தந்தார்கள். அது தேய்ந்து தேய்ந்து, நான்கே வருடத்தில் பன்னிரண்டு மணி நேரம்கூட அதிகம் என்று ஆனது. 1950-ல் ஒருவழியாகப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். கூடவே ஒரு விதியையும் எழுத வேண்டியிருந்தது. தந்தி அனுப்பிவிட்டு, அந்த அவகாசம் முடிவதற்குள் போன் போட்டு ‘என்னப்பா முடிவு பண்ணினே?’ என்று நச்சரிக்கக் கூடாது! இப்படி ஒரு விதியை எழுதுகிறார்கள் என்றால் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே யூகித்துக்கொள்ளலாம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இத்தனை வருடமும் அவர்கள் போட்ட விதிகள் எல்லாம் ஒரே ஜாதி. ‘அவசரப்படாதே’, ‘வாக்குத் தவறாதே’, ‘நச்சரிக்காதே’. அதாவது, ‘நல்ல பிள்ளையாக இரு’. நல்ல பிள்ளையாக இருந்தவன் நஷ்டப்பட்டான். அப்புறம் யார் இருப்பார்கள்?

*

எஃப். ஜே. மல்லின், ஜான் ஸ்டால்நேக்கர் ஆகியோர் வேறு மாதிரி யோசித்தார்கள். தந்தியே வேண்டாம். மாணவன், தான் விரும்பும் ஆஸ்பத்திரிகளை வரிசையாக எழுதித் தரட்டும். ஆஸ்பத்திரி, தான் விரும்பும் மாணவர்களை வரிசையாக எழுதித் தரட்டும். பொதுவான ஓர் அலுவலகம் இரண்டையும் வைத்துப் பொருத்தம் பார்க்கட்டும்.

கிட்டத்தட்ட நம் ஜாதகப் பொருத்தம்தான். ஜோசியருக்குப் பதில் அட்டைகளை வரிசைப்படுத்தும் இயந்திரம்.

சோதனை ஓட்டம் நடந்தது. எல்லோரும் கைதட்டத் தயாராக இருந்தபோது, பின்வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. ஹார்டி ஹென்ட்ரென். ஹார்வர்டில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த மாணவர். அதற்கு முன் கடற்படை விமானி. கணக்கு நிபுணர் அல்ல. ஆனால் விதிமுறையை உட்கார்ந்து படித்தார். அவரும் நண்பர்களும் அதில் ஓர் ஓட்டையைப் பார்த்தார்கள்.

என்ன ஓட்டை? கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கதையின் உயிரே இங்கேதான் இருக்கிறது.

நீங்கள்தான் மாணவர் என்று வைத்துக்கொள்வோம். ‘அ’, ‘ஆ’ என்று இரண்டு ஆஸ்பத்திரிகள். உங்கள் கனவு ‘அ’. அது கிடைக்காவிட்டால் ‘ஆ’. மனசில் இருப்பதை அப்படியே எழுதிக் கொடுக்கிறீர்கள். ‘ஆ’வுக்கு நீங்கள் என்றால் உயிர். உங்களைத்தான் முதலிடத்தில் எழுதியிருக்கிறது. ஆனால் அந்தச் சோதனை முறையில், ஓர் ஆஸ்பத்திரியை முதலிடத்தில் எழுதியவர்களுக்கு முன்னுரிமை. நீங்கள் ‘அ’வின் வாசலில் நின்றுகொண்டிருக்கும் நேரத்தில், ‘ஆ’வின் பட்டியலில் உங்களுக்குக் கீழே இருந்த ஒருவர், ‘ஆ’வை முதலில் எழுதினார் என்ற ஒரே காரணத்தால் அந்த இடத்தில் உட்கார்ந்துவிடுகிறார். ‘அ’ உங்களை எடுக்கவில்லை. சரி, ‘ஆ’வுக்குப் போகலாம் என்று திரும்பினால் ஹவுஸ் ஃபுல்!

உங்களையும் ‘ஆ’வுக்குப் பிடித்திருக்கிறது. உங்களுக்கும் ‘ஆ’ சம்மதம். இருந்தும் சேர முடியவில்லை. நீங்கள் செய்த குற்றம்? ஆசைப்பட்டதை உண்மையாக எழுதியது.

அப்படியானால் அடுத்த வருடம் என்ன நடக்கும்? சீனியர்கள் ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். ‘டேய், பெரிய இடத்தையெல்லாம் முதல்ல எழுதாதே. கிடைக்கிற இடத்தை எழுது.’ எல்லோரும் பொய் எழுதுவார்கள். பழைய சூதாட்டம், புதிய சட்டையில்.

மாணவர்கள் ஒரு கமிட்டி அமைத்தார்கள். நாடெங்கும் உள்ள மருத்துவக் கல்லூரிகளுக்கு விஷயத்தைக் கொண்டு போனார்கள். மாற்று வழியையும் முன்வைத்தார்கள். ‘பாஸ்டன் பூல் பிளான்’ என்று பெயர்.

மாற்று வழியின் சூட்சுமம் ஒரே வார்த்தையில்: ‘தற்காலிகம்’. நம் பாஷையில் சொன்னால், நிச்சயதார்த்தம் வேண்டாம், பேச்சுவார்த்தை மட்டும் இருக்கட்டும். ‘ஆ’வில் ஒருவர் உட்கார்ந்தாலும் அது பென்சில் எழுத்துதான். அவரைவிட ‘ஆ’வுக்கு அதிகம் பிடித்த நீங்கள், ‘அ’வில் இடமில்லை என்று தாமதமாக வந்தாலும், பென்சில் எழுத்தை அழித்து உங்கள் பெயரை எழுதுவார்கள். அவர் தன் பட்டியலில் அடுத்த இடத்துக்குப் போவார். எல்லாப் பட்டியலும் தீர்ந்த பிறகுதான் பேனா. லேட்டாக வந்ததற்குத் தண்டனை இல்லை. பெரிதாக ஆசைப்பட்டதற்கும் தண்டனை இல்லை.

அதிகாரிகள் மாணவர்களின் பேச்சைக் கேட்டார்கள். 1951-ன் இறுதியில் முறையை மாற்றினார்கள். 1952-ல் முதல் ‘மேட்ச்’ நடந்தது. சுமார் 10,400 இடங்கள். சுமார் 6,000 மாணவர்கள். யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் தொண்ணூற்றைந்து சதவிகிதத்தை ஒட்டி சேர்ந்துகொண்டார்கள். நள்ளிரவுத் தந்தி செத்தது. ஹென்ட்ரென் பிற்காலத்தில் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் அறுவை சிகிச்சைத் தலைவராகி உலகப் புகழ் பெற்றார் என்பது தனிக் கதை.

*

பத்து வருடம் கழித்து, 1962-ல், டேவிட் கேல், லாயிட் ஷேப்லி என்ற இரண்டு கணித அறிஞர்கள் ஒரு சிறிய கட்டுரை எழுதினார்கள். கல்லூரி அட்மிஷனையும் கல்யாணத்தையும் பற்றி. எத்தனை ஆண்கள், எத்தனை பெண்கள் இருந்தாலும் சரி, ‘இவரை விட்டுவிட்டு நாம் இரண்டு பேரும் ஓடிப்போய்விடலாமா?’ என்று எந்த ஜோடியும் நினைக்காதபடி பொருத்த முடியும் என்று நிரூபித்தார்கள். வழி? அதே பென்சில், பேனா!

ஆஸ்பத்திரிக்காரர்கள் இதைப் பத்து வருடமாகச் செய்துகொண்டிருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. 1984-ல் ஆல்வின் ராத் என்ற பொருளாதாரப் பேராசிரியர்தான் இரண்டும் ஒன்றே என்று எடுத்துக் காட்டினார். ஷேப்லிக்கும் ராத்துக்கும் 2012-ல் பொருளாதார நோபல் கிடைத்தது. கேல் 2008-லேயே மறைந்துவிட்டார்.

நடுவில் ஒரு நிஜக் கல்யாணப் பிரச்னையும் வந்தது. மருத்துவக் கல்லூரிகளில் பெண்கள் பெருக, கணவனும் மனைவியும் ஒரே வருடத்தில் மேட்சுக்கு வந்தார்கள். அவருக்கு பாஸ்டன், அம்மணிக்கு கலிஃபோர்னியா என்று வந்தால் குடித்தனம் நடத்துவது எப்படி? 1970-களில் அலுவலகம் ஒரு வழி சொன்னது. உங்களில் யார் ‘முன்னணி’ என்று எழுதிக் கொடுங்கள். அவருக்கு முதலில் இடம். மற்றவருக்கு அந்த ஊரில் கிடைப்பது. எத்தனை வீட்டில் சண்டை வந்ததோ! பல ஜோடிகள் மேட்சை விட்டே வெளியேறித் தாங்களாகப் பேசி முடித்துக்கொண்டார்கள். 1983-ல்தான் விதி மாறியது. இருவரும் சேர்ந்து, ஜோடி ஜோடியாக இடங்களை வரிசைப்படுத்தலாம் என்றார்கள். ஜோடிகள் திரும்பினார்கள்.

அடுத்து 1990-களின் நடுவில் மாணவர்கள் மறுபடி கையைத் தூக்கினார்கள். பிள்ளை வீடு பெண் கேட்டுப் போவதற்கும், பெண் வீடு மாப்பிள்ளை கேட்டுப் போவதற்கும் வித்தியாசம் உண்டு இல்லையா? கணக்கிலும் உண்டு. யார் முதலில் கேட்கிறார்களோ அவர்களுக்குத்தான் சாதகம். அதுவரை கேட்டுக்கொண்டிருந்தது ஆஸ்பத்திரி! ராத்தும் எலியட் பெரன்சனும் முறையைத் திருத்தி எழுதினார்கள். 1998 முதல் மாணவர் கேட்கிறார், ஆஸ்பத்திரி பதில் சொல்கிறது.

இதனால் எத்தனை பேருக்கு இடம் மாறும் என்று பழைய பட்டியல்களைப் போட்டுப் பார்த்தார்கள். ஆயிரத்தில் ஒருவருக்குத்தான். இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? ஆமாம். எண்ணிக்கை அல்ல விஷயம், நம்பிக்கை. ‘பயப்படாமல் உண்மையை எழுதுங்கள், உங்களுக்குக் கெடுதல் வராது’ என்று மாணவரிடம் சொல்ல வேண்டுமானால், கணக்கு அவர் பக்கம் இருக்க வேண்டும். ஜோடிகள் கலக்கும்போது நூறு சதவிகித உத்தரவாதம் கணக்கில் கிடையாது என்றாலும், நடைமுறையில் அது நின்றது.

*

சரி, அந்தப் பட்டியலில் பெயர் எப்படி ஏறுகிறது? இன்டர்வியூதான்.

செப்டம்பரில் விண்ணப்பம். சிபாரிசுக் கடிதங்கள், டீனின் மதிப்பீடு, நான் ஏன் இந்தத் துறைக்கு வருகிறேன் என்று ஒரு பக்கக் கட்டுரை, தேர்வு முடிவுகள். அதில் தேறினால் அழைப்பு. கோவிட்டுக்கு முன்னால் மாணவர்கள் கோட்டு, சூட்டுடன் ஊர் ஊராக விமானம் ஏறினார்கள். 2020-க்குப் பிறகு பெரும்பாலும் கம்ப்யூட்டர் திரையிலேயே முடிகிறது. தேர்வில் தேறிய பிறகு ஆஸ்பத்திரி பார்ப்பது வேறு. இந்த ஆளுடன் ராத்திரி மூன்று மணிக்கு ஒரே வார்டில் வேலை பார்க்க முடியுமா? தப்பு செய்தால் ஒப்புக்கொள்வாரா? நர்ஸிடம் எப்படிப் பேசுவார்? பயிற்சித் தலைவர்களிடம் கேட்டால், இன்டர்வியூவில் ஆள் பழகிய விதம் வரிசையைத் தீர்மானிப்பதில் முக்கியமானது என்றே சொல்கிறார்கள்.

நான் முதல் இன்டர்வியூவுக்குப் போனபோது, பேர் வேண்டாம், ஒரு கம்பெனியில், ‘எங்களை விட்டால் வேறு எங்கே அப்ளை பண்ணியிருக்கே?’ என்று கேட்டார்கள். எங்கேயும் இல்லை சார் என்று பொய் சொன்னேன். ‘லெட்டர் போடுகிறோம்’ என்றார்கள். அதுவும் பொய்.

மேட்சில் அந்தக் கேள்விக்கே தடை. எங்களை எத்தனாவது இடத்தில் எழுதப் போகிறாய் என்று கேட்கக் கூடாது. கல்யாணம் ஆகிவிட்டதா, குழந்தை பெறும் எண்ணம் உண்டா என்றும் கேட்கக் கூடாது. ‘உங்களை உயர்ந்த இடத்தில் வைத்திருக்கிறோம்’ என்று இன்டர்வியூவுக்குப் பின் வரும் தேன் தடவிய கடிதம் எந்த ஆஸ்பத்திரியையும் கட்டுப்படுத்தாது. பஜ்ஜி, சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு ‘ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம்’ என்பார்களே, அதே மதிப்புதான். பட்டியல் ஒன்றே பேசும்.

குறையே இல்லையா? உண்டு. மேட்ச் முடிவு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். கிடைத்த இடத்தில் சம்பளம் பேரம் பேச முடியாது. இது சம்பளத்தை அமுக்கும் கூட்டுச் சதி என்று 2002-ல் டாக்டர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2004-ல் அமெரிக்க நாடாளுமன்றம், ஒரு பென்ஷன் சட்டத்தின் வாலில் ஒரு பிரிவைச் சேர்த்து மேட்சுக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. வழக்கு தள்ளுபடி ஆனது. அவர்கள் கேட்ட கேள்வி தள்ளுபடி ஆனதா என்பதை உங்கள் முடிவுக்கு விடுகிறேன்.

இன்னொரு குறை பெரியது. கணக்கு நேர்மையானது. ஆனால் இன்டர்வியூவுக்கு அழைக்கப்பட்டவர்கள் மட்டுமே கணக்குக்குள் வருகிறார்கள். பயத்தில் ஒவ்வொருவரும் டஜன் கணக்கில் விண்ணப்பம் போட, ஆஸ்பத்திரிகள் மார்க்கை வைத்து வடிகட்டின. அதைக் குறைக்கத்தான் 2022-ல் முதல் கட்டத் தேர்வு வெறும் பாஸ், ஃபெயில் ஆக்கப்பட்டது. உடனே எல்லோரும் இரண்டாம் கட்டத் தேர்வின் மார்க்கைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ‘உங்கள் மேல் எனக்கு நிஜமாகவே ஆசை’ என்று ஒரு சில இடங்களுக்கு மட்டும் சைகை காட்டும் முறையும் வந்திருக்கிறது. பழைய துண்டு போடும் வழக்கம் வாசல் மாறி நிற்கிறது, அவ்வளவுதான்.

*

ஒவ்வொரு வருடமும் மார்ச் மூன்றாவது வெள்ளிக்கிழமை, அமெரிக்கக் கிழக்கு நேரப்படி பகல் 12 மணிக்கு முடிவு வெளியாகிறது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில். கல்லூரி அரங்குகளில் குடும்பத்தோடு கூடி உறையைப் பிரிக்கிறார்கள். சிரிப்பு, அழுகை, கட்டிப்பிடித்தல். 2024-ல் பதிவு செய்தவர்கள் 50,413 பேர். இடங்கள் 41,503. அன்று அமெரிக்காவில் இன்னும் மதியம். சென்னையில் இரவு ஒன்பதரை. இங்கே எம்.பி.பி.எஸ். முடித்து விண்ணப்பித்தவர்களின் வீடுகளில் சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கும், கண்கள் போனில் இருக்கும்.

யாரோ ஒருவர் ‘உடனே சொல்’ என்று மிரட்டியதால் அந்த முடிவு வரவில்லை. யார் முந்தித் துண்டு போட்டார் என்பதாலும் வரவில்லை. கிடைக்காதவர்களுக்கு வலி இருக்கும். ஆனால் ஆசைப்பட்டதை முதலில் எழுதியதால்தான் தோற்றேன் என்று அவர்கள் தலையில் அடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

‘உண்மை பேசு’ என்று ஊருக்கு உபதேசம் செய்வது சுலபம். உண்மை பேசினால் நஷ்டம் வராதபடி ஊரை அமைப்பதுதான் கஷ்டம். அதற்கு நோபல் அறிஞர்கள் வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்பதைத்தான் 1951 காட்டுகிறது. கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டும் காகிதத்தை, ஒருமுறை முழுசாகப் படித்துவிட்டு, ‘சார், இதில் ஒரு தப்பு இருக்கு’ என்று எழுந்து நிற்க ஒருவர் இருந்தால் போதும்.